தேங்காய்மேல் போட்ட பழி

எனக்கு அவள்மேல் பொறாமை. இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு இஷ்டமில்லை. மலேசியாவில், தெலுக் பங்லிமா காராங் என்ற ஊரில் ஒரு தேங்காய்ப்பால் தொழிற்சாலையின் பரிசோதனைக்கூடத்தில் நாங்கள் இருவரும் வேலை செய்கிறோம். நான் மூத்தவள். கிள்ளானிலிருந்து தினமும் அவள் என் காரில்தான் வருவாள். பெட்ரோலும் என்னுடையது, எரிச்சலும் என்னுடையது.

பள்ளிக்கூடத்திலிருந்தே நான்தான் முதல் மாணவி. சொல்லிக்கொடுத்ததைப் பிசகாமல் செய்வேன். அவளோ சிக்னலில் கார் நின்றால்கூட, "ஏன்க்கா அந்த லோரிக்குப் பின்னால மட்டும் தண்ணி சொட்டுது?" என்பாள். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் வாழையிலைச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால், பரிமாறுகிற அண்ணனிடம் மோருக்கு எப்போது உறை ஊற்றுகிறார்கள் என்று விசாரிப்பாள். அவரும் வாளியை வைத்துவிட்டு நின்று பதில் சொல்வார். என் இலைக்கு அப்பளம் வரவே வராது.

எங்கள் கூடத்தின் தலைவர் ஓய்வுபெறப் போகிறார் என்று தெரிந்த நாளிலிருந்து, அந்த நாற்காலி எனக்குத்தான் என்றிருந்தேன். வீட்டிலும் சொல்லிவிட்டேன். அம்மா கோயிலில் அர்ச்சனைகூடச் செய்துவிட்டார். அந்த நேரம் பார்த்துத் தேங்காய்ப்பால் பாக்கெட்டுகள் சில உப்பத் தொடங்கின. பால் கெட்டால் உள்ளே காற்று சேர்ந்து பாக்கெட் வயிறு தள்ளிக்கொள்ளும். நான் விதிப்படி அவற்றைத் தனியே எடுத்து, சோதித்து, விற்கக்கூடாது என்று கையெழுத்துப் போட்டேன். என் வேலை முடிந்தது. அவளுக்கு அங்கேதான் வேலை ஆரம்பித்தது.

"அக்கா, உப்புனது எல்லாமே தைப்பூச வாரத்துல போட்ட பாலுதான். நல்ல தேங்காயெல்லாம் கோயிலுக்கு உடைக்கப் போயிருக்கும். நமக்கு வந்தது பழசு. அதான் கெட்டுப்போச்சு."

கேட்டதும் எனக்கே சரியென்று பட்டது. இது எனக்கு ஏன் தோன்றவில்லை என்று வயிறு எரிந்தது. எங்கள் முதலாளி தமிழர். தைப்பூசம் என்றதும் அவருக்கு இன்னும் பிடித்துப்போயிற்று. கூட்டத்தில் எல்லார் முன்னாலும் அவளைப் பாராட்டினார். நானும் கைதட்டினேன், பல்லைக் கடித்துக்கொண்டு.

அவள் சொன்னது தப்பாக இருக்க வேண்டும் என்று மனமார ஆசைப்பட்டேன். பழைய தேங்காயும் புதுத் தேங்காயும் வாங்கிவந்து, மதியச் சாப்பாட்டு நேரத்தில் யாருக்கும் தெரியாமல் பாலெடுத்தேன். இரண்டையும் ஒரேபோல் காய்ச்சி, பாக்கெட்டில் அடைத்து, பாக்கெட்டுகளைக் கதகதப்பாக வைக்கும் இன்குபேட்டரின் அடித்தட்டில் தள்ளிவைத்தேன். அதன்பிறகு காலையில் அலாரத்துக்கு முன்பே விழிப்பு வந்துவிடும். போனவுடன் பையைக்கூட இறக்காமல் அந்தத் தட்டைத்தான் பார்ப்பேன். பழசும் உப்பவில்லை, புதுசும் உப்பவில்லை. மறுபடி செய்தேன். அப்போதும் அப்படியே. தேங்காய்மேல் குற்றமில்லை.

அடுத்த கூட்டத்தன்று காரில் பாட்டு போட்டுக்கொண்டு வந்தேன். "என்னக்கா, இன்னைக்கு ஒரே குஷியா இருக்கீங்க?" என்றாள். கேட்கட்டும் என்று விட்டேன்.

கூட்டத்தில் நான் தொண்டையைச் செருமுவதற்குள் அவள் எழுந்தாள்.

"சாரி பாஸ், நான் சொன்னது தப்பு. பாவம், தேங்காய்மேல பழிய போட்டுட்டேன். செஞ்சு பாத்தேன், பழைய தேங்காய்ப்பாலும் நல்லாத்தான் இருக்கு. பாக்கெட்ட ஒட்டுற இடத்துலதான் கோளாறு. அந்த வாரம் ஒட்டுற மெஷின் ஆளுங்க எல்லாம் காவடி எடுக்க லீவு. பதிலுக்கு வந்தவங்களுக்கு எவ்வளவு சூடு வைக்கணும்னு யாரும் சொல்லல. சரியா ஒட்டாம பால் கெட்டுப்போச்சு. நானும் லீவுலதானே இருந்தேன், எனக்கே முதல்ல தோணியிருக்கணும்."

முகத்தில் துளி வெட்கமில்லை. தான் தோற்றதைச் சொல்கிறவள் போலவே தெரியவில்லை, கண்கள் மின்னின. முதலாளி, ஓய்வுபெறப் போகிறவர் பக்கம் திரும்பித் தலையசைத்தார். அவரும் அசைத்தார். நாற்காலி போய்விட்டது என்று எனக்கு அங்கேயே தெரிந்தது. என் சோதனையைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை.

வீடு திரும்பும்போது அவளே பேச்செடுத்தாள்.

"அக்கா, இன்குபேட்டர் அடித்தட்டுல உங்க கையெழுத்துல 'பழசு', 'புதுசு'ன்னு எழுதியிருந்த பாக்கெட்டப் பாத்தேன். அதப் பாத்துதான் எனக்கே சந்தேகம் வந்துச்சு. உடனே நானும் செஞ்சேன். கூட்டத்துல உங்க பேரையும் சொல்லலாம்னுதான் இருந்தேன். நீங்க யார்கிட்டயும் சொல்லாம வச்சிருந்தீங்க, அதான் சொல்லல."

நான் பாட்டைப் போட்டேன்.

"யாரும் சொல்லாம நீங்களா ஒன்னு செஞ்சு பாத்தது இதான் முதல் தடவை, இல்லக்கா? எப்படி இருந்துச்சு? ஜாலியா இருந்துச்சுல்ல?"

இருந்தது. அலாரத்துக்கு முன்பே எழுந்து ஓடிய அந்தக் காலைகளைப்போல இத்தனை வருட வேலையில் எனக்கு வேறு காலைகள் இல்லை. பக்கத்தில் இருந்தவளைத் திரும்பிப் பார்த்தேன். அதற்குள் அவள் முன்னால் போகிற லோரியை உற்றுப் பார்க்க ஆரம்பித்திருந்தாள். நாற்காலி போனால் போகட்டும். இவளுக்கு எல்லா நாளும் அப்படித்தான் விடிகிறது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.