ஜன்னல் பக்கத்துப் பெட்டி

மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில், பிரேமுக்குள் லென்ஸைப் பொருத்துகிற வேலை அவளுக்கு. காலையில் உட்கார்ந்தால் கடை சாத்தும்வரை குனிந்த தலை நிமிராது. கடுகளவு திருகு, அதற்கேற்ற ஸ்க்ரூ டிரைவர், கண்ணில் இடுக்கிக்கொள்ள ஒரு பூதக்கண்ணாடி. வீட்டுக்கு வரும்போது கண் இரண்டும் எரியும். யாராவது "எப்படி இருக்கே?" என்று கேட்டால், பதில் சொல்வதே இன்னொரு வேலையாகத் தோன்றும்.

புருஷன் வீடு மாற்றுகிறவர்களின் சாமான்களை ஏற்றிப்போகும் லாரி ஓட்டினார். அவரிடம் பேசுவது சுவரிடம் பேசுவது மாதிரி ஆகிவிட்டிருந்தது. "கேஸ் தீர்ந்துபோச்சு" என்றால் டிவியையே பார்த்துக்கொண்டிருப்பார். மூன்றாவது தடவை குரலை உயர்த்தினால், "எதுக்குக் கத்துற?" என்பார். கட்டிக்கொடுத்த மகள் போனில், "அப்பா எதையும் காதுல போட்டுக்க மாட்டாரும்மா, விடு" என்பாள். இவளும் விட்டுவிட்டாள். இவருக்கு நம்ம மேல இருந்த பிடிப்பு போயிடுச்சு என்று மனசுக்குள் முடிவு கட்டிக்கொண்டாள். அதற்காக உட்கார்ந்து அழவும் அவளுக்குத் தெம்பில்லை.

ஒருநாள் அவர் ஒரு பழைய ரெக்கார்டு பிளேயரும், ஆம்ப்ளிஃபயரும், இரண்டு ஸ்பீக்கர் பெட்டியும், ஒரு கட்டு இசைத்தட்டும் கொண்டுவந்து கூடத்தில் இறக்கினார்.

"வீடு காலி பண்ணினவங்க, எங்களுக்கு வேண்டாம், நீ எடுத்துக்கோன்னுட்டாங்க."

"வைக்க எடம் எங்க இருக்கு?"

"நீதான் செட் பண்ணணும். பொடித் திருகெல்லாம் உன் கைக்குத்தான் படியும்."

"வாரத்துல ஒருநாள்தான் எனக்கு லீவு" என்றாள். அவர் அதற்குள் டிவியைப் போட்டுவிட்டார்.

அந்த லீவு நாளும் வந்தது. துவைக்கிற துணியை ஊறப்போட்டுவிட்டு மேசையைத் துடைத்தாள். ஒரு காலின் அடியில் அட்டையை மடித்து வைத்து ஆட்டத்தை நிறுத்தினாள். அதன்மேல் பிளேயரை வைத்து, ஒரு பெட்டியை ஜன்னல் பக்கமும் மற்றதைக் கதவுப் பக்கமும் நிறுத்தினாள். கூடவே வந்த சின்னப் புத்தகத்தில் படம் போட்டு எல்லாம் விளக்கியிருந்தது. முதலில் ஊசி தாங்கும் கையின் பின்னாலிருக்கும் எடைக்கட்டியைத் திருகித் திருகி, கை மேலும் போகாமல் கீழும் சாயாமல் காற்றில் மிதக்கும்படி நிறுத்தினாள். பிறகு ஊசிக்கு வேண்டிய பாரத்தை மட்டும் கூட்டினாள். தட்டைச் சுழலவிட்டு ஊசியை இறக்கியதும் ஒரு பெண்குரல் கிளம்பியது. நல்ல குரல். அவளுக்கு அப்படியே தரையில் படுத்துக் கேட்கலாம் போலிருந்தது.

எதிரே நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் முகத்தைச் சுளித்தார். "ஜன்னல் பக்கத்துப் பெட்டி பாடல."

"ரெண்டும்தான் பாடுது."

"எனக்குக் கேக்கல. ஊசி போயிருக்கும், பாரு."

சண்டை போடுவதைவிடப் பார்த்துவிடுவது சுலபம். கடைப் பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்துக் கண்ணில் இடுக்கினாள். ஊசிமுனையில் பஞ்சுபோல் அழுக்கு ஒட்டியிருந்தது. மெல்லிய பிரஷ்ஷால் பின்னாலிருந்து முன்னால் தள்ளித் துடைத்தாள். முனை தேயவில்லை, உடையவில்லை. ஊசி செருகியிருக்கும் கார்ட்ரிட்ஜ் கொஞ்சம் கோணலாக இருந்தது. அதன் இரண்டு திருகையும் தளர்த்தி நேராக்கி முடுக்கினாள். அதன் பின்புறம் தலைமுடி மாதிரி நாலு ஒயர். ஒவ்வொன்றையும் இடுக்கியால் பிடித்து இழுத்து மறுபடி செருகினாள். ஒன்று அறுந்தால்கூட எல்லாம் வீண் என்பதால் மூச்சைப் பிடித்துக்கொண்டு செய்தாள். லீவு நாளிலும் கழுத்து அதே இடத்தில்தான் வலித்தது.

மறுபடி பாட்டு. "ம்ஹும். ஜன்னல் பெட்டி அப்படியேதான் இருக்கு."

கடைசியாக ஒன்று செய்தாள். பிளேயரிலிருந்து ஆம்ப்ளிஃபயருக்குப் போகும் இரண்டு ஒயரையும் இடம் மாற்றிச் செருகினாள். கோளாறு கார்ட்ரிட்ஜில் இருந்தால், இப்போது கதவுப் பக்கத்துப் பெட்டி ஊமையாக வேண்டும்.

"இப்ப எந்தப் பெட்டி கேக்கல?"

"அதே ஜன்னல் பெட்டிதான். உனக்குச் செய்யத் தெரியல, தள்ளு."

எழுந்து வந்து மேசையை முன்னால் இழுத்தார். பின்புறம் போய் நின்று, ஸ்பீக்கர் ஒயரைக் கையில் பிடித்தபடி அவளைப் பார்த்துச் சிரித்தார். "பாத்தியா, ஜன்னல் பெட்டி வந்துடுச்சு!" அடுத்த நொடியே சிரிப்பு நின்றது. "ஆனா இப்பக் கதவுப் பெட்டி போயிடுச்சே."

அவள் எதையும் தொடவில்லை. அவரும் ஒயரைப் பிடித்ததோடு சரி, பிடுங்கவில்லை. அவர் திரும்பி நின்றிருந்தார், அவ்வளவுதான். நாற்காலியில் இருந்தபோது வலப் பக்கம் இருந்த ஜன்னல் இப்போது அவருக்கு இடப் பக்கம்.

"நீங்க முன்னால வாங்க" என்றாள். அவர் நகரவில்லை. வலது கை தானாக எழுந்து வலது காதைத் தொட்டது. பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அவள் போய் ஊசியைத் தூக்கி வைத்தாள்.

"ஊசியா இருக்கும்னுதான் நெனச்சேன்" என்றார், மெதுவாக.

லாரியில் அவர் உட்காருவது வலது பக்கம். புழுக்கம் தாங்காமல் கண்ணாடியை எப்போதும் இறக்கியே ஓட்டுவார். இத்தனை வருஷக் காற்றும் இரைச்சலும் அந்தக் காதில்தான் போய் விழுந்திருக்கிறது. நரம்பு கெட்டுவிட்டது, இனிமேல் திரும்பாது, மிஷின் வைத்தால் ஓரளவு கேட்கும் என்று காது டாக்டர் சொன்னார். வெளியே பெஞ்சில் உட்கார்ந்தபோது அவள் கேட்டாள்:

"உங்களுக்குத் தெரியவே தெரியாதா?"

"கொஞ்சம் சந்தேகம் இருந்துச்சு. சொன்னா லாரிய விட்டு எறக்கிடுவாங்களே."

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம். வேணும்னே பதில் சொல்லாம இருக்கீங்கன்னு நெனச்சேன். இத்தனை நாள் மனசு விட்டுத் திட்டினதெல்லாம் வீணா?"

"அதெல்லாம் நல்லாவே கேட்டுச்சு" என்றார்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. கூடவே கண்ணும் கலங்கியது. அவருக்குத் தன்மேல் பிடிப்பு போகவில்லை என்று தெரிந்ததில் சந்தோஷம்தான். ஆனால் ஓடிப்போன நாட்களின் கசப்பை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது? அதை யோசிக்கவே அசதியாக இருந்தது. பஸ்ஸில் அவர் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். இறங்க வேண்டிய இடம் தாண்டித்தான் அவர் எழுப்பினார்.

அவரே போய் முதலாளியிடம் சொன்னார். லாரியிலிருந்து இறக்கி, கிடங்கில் கண்ணாடிச் சாமான்களைக் காகிதத்தில் சுற்றிக் கட்டும் வேலையில் போட்டார்கள். முதல் சில நாட்கள் அவர் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை. காது மிஷின் வந்தது. கரகரவென்று இரைகிறது என்று பாதி நாள் கழற்றி வைத்துவிடுவார்.

இப்போது அவள் வேலை முடிந்து வருவதற்குள் அவர் வந்துவிடுகிறார். இசைத்தட்டைத் துடைத்து, ஊசியை அலுங்காமல் இறக்கக் கற்றுக்கொண்டிருக்கிறார். அவள் செருப்பைக் கழற்றிவிட்டு அவருக்கு இடப் பக்கமாக உட்காருகிறாள். வலப் பக்கம் உட்கார்ந்தால் எதையும் இரண்டு தடவை சொல்ல வேண்டும், அதற்குத் தெம்பில்லை.

"சத்தம் ஜாஸ்தியா இருக்கா?" என்று கேட்கிறார்.

"இருக்கட்டும்" என்று கண்ணை மூடிக்கொள்கிறாள்.