எஸ்தர் அக்காவின் பாஸ்போர்ட் பூஜை அலமாரியில் இருந்த நாள்

"அக்கா இன்று மதியம் கர்த்தருக்குள் நித்திரை அடைந்தார்கள்" என்று பாளையங்கோட்டையிலிருந்து ஜெபராஜ் அனுப்பிய செய்தியை, காலையில் காபிக்குப் பால் வைத்துவிட்டுத்தான் பார்த்தேன். ஜெபராஜ், எஸ்தர் அக்காவின் தம்பி. பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது, துடைக்கக்கூடத் தோன்றவில்லை. அழுகை வந்தது, வராமல் இருக்குமா? ஆனால் அதற்கும் முன்னால் இன்னொன்று வந்தது. தப்பாக நினைத்தாலும் பரவாயில்லை, சொல்லிவிடுகிறேன்: அப்பாடா என்று இருந்தது. அக்கா இந்த டெக்சாஸ் இர்விங்கில், அந்த மூன்றாவது மாடி அபார்ட்மெண்டில், ஒற்றை ஆளாகப் போகவில்லை. சொந்த வீட்டில், அம்மா பக்கத்தில் இருக்கும்போது போயிருக்கிறார்.

டெக்சாஸில் இருக்கும் உங்களில் பாதிப் பேருக்கு அக்காவைத் தெரியும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நானும் அவரும் பதினோரு வருடம் ஒரே ஆபீஸ். நான் புரோகிராம் எழுதுகிறவள், அவர் அதில் ஓட்டை கண்டுபிடிக்கும் டெஸ்டர். ஆபீஸில் பிழைகளுக்கு அவற்றின் தீவிரத்தைப் பொறுத்து ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் கொடுப்போம். ஒன்று என்றால் எல்லாரும் வேலையைப் போட்டுவிட்டு ஓட வேண்டும். அக்காவுக்கு அந்தப் பழக்கம் வீடு வரைக்கும் வந்துவிட்டது. உப்புக் குறைந்த என் சாம்பாருக்கு மூன்று கொடுப்பார். கோபம் வந்தால் அதற்கும் எண் சொல்லி, எப்போது தீரும் என்று நாளும் குறித்துவிடுவார். "கோவத்த ஓப்பனா வச்சிருக்கப்பிடாது, உமா. டேட் போட்டு குளோஸ் பண்ணிரணும்" என்பார். சிரித்துக்கொண்டு சொல்ல மாட்டார், நிஜமாகவே அப்படித்தான் செய்வார்.

நடுவில் ஏழு வருடம் அவர் ஊருக்கே போகவில்லை. கிரீன் கார்டு வரிசையில் நின்றுகொண்டிருந்தார். நடுவில் ஊருக்குப் போனால் திரும்பி வர விசா முத்திரை வாங்க வேண்டும். எங்கள் ஆபீஸிலேயே ஒருவர் அப்படிப் போய், முத்திரை கிடைக்காமல் மாசக்கணக்கில் மாட்டிக்கொண்டு, வேலையையும் விட்டார். அக்காவின் சம்பளத்தில்தான் அங்கே வீடு ஓடியது. அவர் அம்மாவுக்கோ இரண்டு கண்ணிலும் பார்வை குறைந்துகொண்டே வந்தது. "அம்மைக்குக் கண்ணு தெரியும்போதே ஒருக்கப் போயிரணும்" என்று வாரத்துக்கு ஒருமுறையாவது சொல்வார். லீவு கிடைக்கும்போதெல்லாம் ரோடு டிரிப் கிளம்பிவிடுவார். "வெளிய போவத்தான் முடியாது. உள்ளுக்குள்ள சுத்துறதுக்கு எவன் கேப்பான்?" என்பது அவர் கட்சி.

அதில் மூன்றாவது வருடம் அவரும் நானும் என் கணவர் ரவியும் ஐந்து நாள் பாலைவனத்துப் பக்கம் போவதாக ஏற்பாடு. மேற்கு டெக்சாஸில் ஒரு பழைய கோட்டை, எல் பாசோ பக்கம் மண் கட்டியால் கட்டிய மாதா கோயில்கள், பிறகு வடக்கே சாண்டா ஃபே. விஜயதசமி அன்று விடியற்காலை கிளம்ப வேண்டும். முதல் நாள் ஆயுத பூஜைக்கே அக்கா பெட்டியோடு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். புத்தகம், லேப்டாப், கார் சாவி, எங்கள் பாஸ்போர்ட் எல்லாவற்றையும் அலமாரியில் அடுக்கிச் சந்தனம் குங்குமம் வைத்தேன். அதோடு நின்றிருக்கலாம். "உங்க பாஸ்போர்ட்டையும் குடுங்கக்கா, சாமிகிட்ட வைக்கலாம். கிரீன் கார்டு சீக்கிரம் வரும்" என்று நான்தான் வற்புறுத்தினேன்.

"வையி. கர்த்தர் கோச்சுக்க மாட்டாரு. எவுக அப்ரூவ் பண்ணாலும் நமக்கு அப்ரூவல்தான" என்று விசாக் காகிதத்தோடு சேர்த்து எடுத்துக் கொடுத்தார்.

பூஜையில் வைத்ததை மறுநாள் காலையில் மறுபூஜை செய்யாமல் எடுக்கக் கூடாது. அதையும் அவசர அவசரமாகச் செய்து, கற்பூரம் காட்டி, கார் சாவியை எடுத்தேன். சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றினோம். கிளம்பிவிட்டோம்.

கோட்டையைப் பற்றி அக்கா வழியெல்லாம் கனவு கண்டுகொண்டு வந்தார். வேலூர் மாதிரி அகழி, மதில், யானை முட்டித் திறக்கிற கதவு. போய் இறங்கினால் மலையடிவாரத்தில் வரிசையாகச் சிப்பாய்களின் வீடுகள், கொடிக்கம்பம், வெயில். அவ்வளவுதான்.

"ஏட்டி, கோட்டை எங்க?"

"இதுதான்கா."

"சுவரு?"

சுவரே கட்டவில்லையாம். அங்கே வேலை பார்த்த அம்மாள் விளக்கினார். "சுவரில்லாத கோட்டைய எவன் டெஸ்ட் பண்ணி ரிலீஸ் பண்ணான்?" என்றார் அக்கா. பிறகு அதையே ஆங்கிலத்தில் அந்த அம்மாளிடமும் கேட்டார். அவர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு சிரித்தார்.

மறுநாள் எல் பாசோ பக்கத்து மண் தேவாலயத்தில் அக்கா சிரிக்கவில்லை. இவர் சி.எஸ்.ஐ., அது கத்தோலிக்கக் கோயில், அதெல்லாம் அவருக்கு ஒரு பொருட்டே இல்லை. மர பெஞ்சில் உட்கார்ந்தவர் முக்கால் மணி நேரம் எழுந்திருக்கவில்லை. யாருக்காக ஜெபம் என்று நான் கேட்கவில்லை. அம்மாவின் கண்ணுக்காகத்தான் இருக்கும்.

மூன்றாம் நாள் காலை லாஸ் குரூசஸ் தாண்டி வடக்கே போகும்போது, எல்லா வண்டிகளும் நிற்க வேண்டும் என்று ஒரு பலகை வந்தது. எல்லைக் காவல் சோதனைச் சாவடி. மெக்சிகோ எல்லையைத் தாண்டாவிட்டாலும் அந்தப் பக்கம் ரோட்டிலேயே நிறுத்திக் கேட்பார்கள். "பேப்பரெல்லாம் எடுத்து வச்சுக்கோங்க" என்றார் ரவி. எங்கள் இருவரின் கிரீன் கார்டு பர்ஸில் இருந்தது. அக்காவின் பாஸ்போர்ட்?

"அக்கா... அலமாரியில..."

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

வண்டியை ஓரங்கட்டச் சொன்னார்கள். நாய் வந்து முறுக்கு டப்பாவை முகர்ந்தது. பானட்டில் சிவப்பாக இருப்பது என்ன என்று இளவயது அதிகாரி கேட்டார். குங்குமத்தை விளக்க ரவி படாதபாடு பட்டார். பிறகு அதிகாரி அக்காவிடம் வந்தார்.

"உங்கள் பாஸ்போர்ட் எங்கே?"

"கடவுளிடம் இருக்கிறது" என்றார் அக்கா, சுத்தமான ஆங்கிலத்தில்.

"என்ன?"

"இர்விங்கில். இவள் வீட்டு அலமாரியில்."

அந்த மனிதர் சிரிக்கவில்லை. அக்காவின் டிரைவிங் லைசென்ஸை வாங்கி, பெயரும் பிறந்த தேதியும் எழுதிக்கொண்டு உள்ளே போனார். நாற்பது நிமிஷம். அந்த நாற்பது நிமிஷத்தில் நான் அக்காவை ஜெயிலுக்கு அனுப்பி, விமானம் ஏற்றி, அவர் வீட்டுச் சாப்பாட்டில் மண்ணைப் போட்டு, எல்லாம் செய்து முடித்துவிட்டேன். "எல்லாம் என்னாலதான்கா" என்று தேம்பினேன்.

"அழுகைய நிறுத்திட்டு பாத்ரூம் எங்க இருக்குன்னு கேளு" என்றார்.

அதிகாரி திரும்பி வந்தார். கணினியில் எல்லாம் சரியாக இருக்கிறதாம். இனிமேல் காகிதம் இல்லாமல் வரக் கூடாது என்று கண்டித்து அனுப்பிவிட்டார். கார் மறுபடி ரோட்டில் ஏறியதும் அக்கா வாயைத் திறந்தார். "எனக்கு உம்மேல கோவம். நம்பர் ரெண்டு. நாளைக்கு சாயங்காலம் அஞ்சு மணி வரைக்கும் இருக்கும். அதுவரைக்கும் நீ எங்கிட்ட பேசாத."

பேசவில்லை. மறுநாள் சாண்டா ஃபேயின் மண் சந்துகளில் அவர் முன்னே, நான் பின்னே, நடுவில் பாவம் ரவி. ஊருக்கு வெளியே பழைய வீடு ஒன்றைக் கோயிலாக்கியிருந்தார்கள், அங்கேயும் கூட வந்தார். பிள்ளையார் முன்னால் நின்று, எனக்குக் கேட்கும்படியாக, "இவளுக்குக் கொஞ்சம் ஞாபக சக்தியக் குடுங்க" என்று மட்டும் சொன்னார். செருப்பு மாட்டும்போது கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மணி ஐந்தேகால். "சரி, முறுக்கு மிச்சம் இருக்கா?" என்றார். நான் அங்கேயே அவரைக் கட்டிக்கொண்டு ஒரு பாட்டம் அழுதேன்.

அவர் கோபம் தீர்ந்தது, என் பயம் தீரவில்லை. அன்று அந்த அதிகாரி எழுதியது எங்காவது ஃபைலில் ஏறி, அதனாலேயே கிரீன் கார்டு நிற்கிறதோ என்று நாலு வருடம் உள்ளுக்குள்ளேயே வெந்தேன். அவர் அம்மாவுக்குக் கண் மங்குகிறது என்று கேட்கும்போதெல்லாம் எனக்குச் சோறு இறங்காது. யாரிடமும் சொல்லவில்லை. அக்காவிடம் கேட்க வாய் வரவில்லை.

ஒரு நாள் ஆபீஸில் என் மேஜைக்கு வந்து கிரீன் கார்டை என் கையில் வைத்தார். அப்போதுதான் நாலு வருடத்தையும் கொட்டினேன். அக்கா தலையில் அடித்துக்கொண்டார்.

"கூறுகெட்டவளே! டிரிப் முடிஞ்சு வந்த மறுவாரமே வக்கீல்ட்ட கேட்டுட்டேன். ஒண்ணும் ஆவாதுன்னு அன்னைக்கே சொல்லிட்டாரு. நீ இப்படி முழுங்கிட்டுத் திரியிதன்னு எனக்கு என்ன தெரியும்? பயமா இருந்தா கேட்டுத் தொலைய வேண்டியதுதான?"

நாலு வருடப் பாரம் ஒரு நொடியில் இறங்கியது. கோபமும் வந்தது, சிரிப்பும் வந்தது.

அந்த மாதமே ஊருக்குப் பறந்தார். போய்ச் சேர்ந்ததும் போன் செய்தார். "அம்மை பாத்துட்டா, உமா. 'என்னட்டி இப்படிக் கறுத்துட்ட?'ன்னு கேட்டா. அப்போ நல்லாத்தான் தெரியிது." அதற்கப்புறம் இரண்டு வருடம் இங்கே வேலை பார்த்துவிட்டு ஒரேயடியாகப் போய்விட்டார். இதற்குத்தானா இத்தனை வருடம் காத்திருந்தீர்கள் என்று நம்மில் சிலர் கேலி செய்தோம். "போவவும் வரவும் வழி இருந்தாத்தான் எங்க இருக்கணும்னு நான் முடிவு பண்ண முடியும்" என்றார்.

அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது ஒன்றே ஒன்று. பயமாக இருந்தால் கேட்டுவிடுவது. செய்தி பார்த்த அன்று காலை அடுப்பைத் துடைத்த கையோடு ஜெபராஜைக் கூப்பிட்டேன்.

"கடைசியில ரொம்ப கஷ்டப்பட்டாங்களா தம்பி?"

"இல்ல, உமாக்கா. மத்தியானம் நல்லா சாப்ட்டாங்க. அம்மைக்குக் கண்ணுல சொட்டு மருந்து விட்டுட்டு, பக்கத்துக் கட்டில்ல படுத்தாங்க. மருந்து விட்டா அம்மை அஞ்சு நிமிஷம் கண்ண மூடிட்டு இருக்கணும். தொறந்து பாக்கும்போது அக்கா போயிட்டாங்க."