கண் அட்டையின் கடைசி வரி

அந்தக் கார்ட்போட் துண்டின் ஈரம் இன்னும் விரலில் இருக்கிற மாதிரியே இருக்கு...

நாற்பது பிள்ளைகள் ஒருத்திக்குப் பின்னால் ஒருத்தியாக ஒரு கண்ணைப் பொத்திப் பிடித்த துண்டு. பவுடர், தேங்காய் எண்ணெய், வேர்வை எல்லாம் ஊறி, கடைசிப் பிள்ளையிடம் போகும்போது கூழாகிப் போயிருக்கும்.

நாங்கள் பத்தாம் வகுப்பு. கல்முனைப் பக்கம், கடலுக்குக் கிட்டவுள்ள ஒரு பெண்கள் பாடசாலை. நான் சுகாதாரக் கழகத் தலைவி. பச்சை பேட்ஜ் குத்திக்கொண்டு எனக்கு இருந்த பெருமை கொஞ்சமா நஞ்சமா...

நிறை, உயரம், நகம், பல், கண் எல்லாம் நாங்களே பார்த்து ஷீட்டில் எழுத வேண்டும். பிறகு பொதுச் சுகாதாரப் பரிசோதகர், பிஎச்ஐ, வருவார். நாங்கள் சிவப்புப் பேனையால் வட்டம் போட்ட பிள்ளைகளை மட்டும்தான் கிளினிக்குக்கு அனுப்புவார். வட்டம் இல்லை என்றால் அந்தப் பிள்ளையை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

அந்த முறை அதிபர் ஒன்று சொல்லியிருந்தார். ஆகக் குறைந்த வட்டம் உள்ள வகுப்புக்கு அசெம்பிளியில் கொடி கிடைக்கும். நோய் வருத்தத்தைக் கண்டுபிடிக்கத்தான் கழகம் என்பதை யாருமே யோசிக்கவில்லை. நானும்தான்.

ஹஸ்னா என் பக்கத்தில் இருப்பவள். போர்டில் எழுதுவதை அவள் எழுத மாட்டாள், என் கொப்பியைப் பார்த்துத்தான் எழுதுவாள். சோம்பேறி என்று நானே பகிடி பண்ணியிருக்கிறேன். கண் பார்க்கிற நாளுக்கு முதல் நாள் இடைவேளையில்தான் விசயத்தைச் சொன்னாள். இடது கண்ணைத் தனியே திறந்தால் எல்லாம் புகையாம்.

"கண்ணாடி போட்டா சரிவரும்தானே" என்றேன்.

"எனக்குக் கண்ணாடி வேணா புள்ள. என்ட மூத்த ராத்தாவப் பொண் கேட்டு வந்த ஆக்கள் அவட கண்ணாடியப் பார்த்துட்டுத் திரும்பிப் போன, நீயும் கண்டதானே. உம்மா அண்டைக்கு அழுத அழுகை... இன்னொருக்கா அத எனக்குப் பார்க்க ஏலா."

நான் யோசித்தது ஒரு நிமிசம்கூட இருக்காது. கொப்பியின் கடைசிப் பக்கத்தைக் கிழித்து, கண் பார்க்கிற அட்டையிலிருந்த எழுத்து முழுவதையும் வரிவரியாக எழுதிக் கொடுத்தேன். "பாடமாக்கு. நான் இடப் பக்கத்துல இரிந்து வரிசையாத்தான் தொடுவன்."

அவளுக்கு உதவி என்றுதான் நினைத்தேன். ஆனால் பொய் சொல்ல ஏலாது... கொடியும் மனதில் இருந்தது.

அடுத்த நாள் கடல் காத்துக்கு அட்டை படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. முழங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு அடிமட்டத்தால் எழுத்தெழுத்தாகத் தொட்டேன். ஹஸ்னா வலது கண்ணைப் பொத்திக்கொண்டு கடைசி வரி வரைக்கும் தட்டாமல் சொன்னாள்.

ட... ப... ம... ய... ல... ச... ந.

'ஆறுக்கு ஆறு', குறையில்லாத பார்வை என்று வடிவான எழுத்தில் எழுதினேன். கொடி எங்கள் வகுப்புக்குத்தான் கிடைத்தது.

ஹஸ்னாவுக்குப் பத்தொன்பது வயதில் கலியாணம். மூன்று வருசம் போக, ஒரு நாள் மாமிக்குத் தேத்தண்ணி ஊற்றும்போது கோப்பைக்கு வெளியே ஊற்றியிருக்கிறாள். மாமியின் கால் வெந்துபோனது. அதற்குப் பிறகுதான் அவளைக் கொழும்புக்குக் கண் காட்டக் கொண்டு போனார்கள். உள்ளுக்குள் வளர்ந்த நோயில் இடது கண் அப்போதே முடிந்திருந்தது. வலது கண்ணும் அடுத்த வருசத்தோடு போய்விட்டது. மாப்பிள்ளை நல்ல மனுசன், விட்டுப் போகவில்லை. ஆனால் "மறைச்சிக் கட்டிக் குடுத்துட்டாங்க" என்ற கதை ஊர் முழுக்கப் போனது.

பார்க்கப் போன என்னைக் கண்டதும் அவளுடைய உம்மா கையைப் பிடித்துக்கொண்டார்.

"டொக்டர் கேட்ட புள்ள, பள்ளிக்கூடத்துல கண் பார்க்கல்லயா எண்டு. அந்த வயசுல கொண்டுவந்திருந்தா புடிச்சி வெச்சிரிக்கலாமாம். நான் சொன்ன, பார்த்த ஐயா, நல்லம் எண்டுதான் எழுதின எண்டு. நீதானே புள்ள பார்த்த?"

"ஓம் சாச்சி" என்றேன். பாயில் இருந்த ஹஸ்னா என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. சாச்சி மவுத்தாகிப் போன வருசம்வரைக்கும் என்னைக் கண்டால் அதே மாதிரித்தான் கையைப் பிடிப்பார். எனக்குக் கை கூசும்.

இப்போது காலம் எவ்வளவோ மாறிவிட்டது. என் வகுப்பிலேயே பாதிப் பிள்ளைகள் கண்ணாடி. ஓம், நானும் டீச்சர்தான். சுகாதாரக் கழகமும் என் பொறுப்பில்தான். கொடி, பரிசு எதையும் நான் கிட்டேயும் அண்ட விடுவதில்லை. அட்டையைத் தொடும்போது ஒழுங்கைக் குழப்பித்தான் தொடுவேன். ஏன் என்று பிள்ளைகளுக்குத் தெரியாது.

இதை எழுதட்டுமா என்று ஹஸ்னாவிடம் கேட்டேன். "எழுது, பேரை மட்டும் மாத்து" என்றாள்.

போன கிழமை அவளுடைய வீட்டில் இருந்தேன். மகள் ஏழாம் வகுப்பு. ஹஸ்னாவே பிடிவாதமாக நின்று கண்ணாடி போட வைத்த பிள்ளை. பாடசாலையில் கண் பார்த்ததைப் பற்றி அந்தப் பிள்ளை கதைத்துக்கொண்டிருந்தபோது, ஹஸ்னா இருந்தாற்போல் சொல்ல ஆரம்பித்தாள். ட, ப, ம, ய, ல, ச, ந... ஒரு எழுத்துப் பிழையில்லை.

"பார்த்தியா, நீ எழுதித் தந்தது ஒண்டும் மறக்கல்ல" என்று சிரித்தாள்.

பிறகு மகளை இழுத்துப் பக்கத்தில் இருத்தி, அவளுடைய முகத்தை விரலால் தடவிக்கொண்டே என்னிடம் கேட்டாள்.

"உண்மையச் சொல்லு புள்ள. இவள்ற மூக்கு என்னைப் போலவா, வாப்பாவைப் போலவா? ஆளாளுக்கு ஒண்டு சொல்றாங்க. நீ பார்த்துச் சொல்லு."