கிணற்று மேட்டில் நான் பேசிய முதல் செபம்

என் வீட்டுக்காரர் கிணற்றுக்குள் மயங்கிக் கிடந்தார். மேலே நின்ற எனக்கு அவருடைய முதுகு மட்டும் தெரிந்தது. கூப்பிட்டேன், அசையவில்லை. போன வருடம் சித்திரை மாதம், ஒரு சனிக்கிழமை காலை பத்து மணி இருக்கும். ஆண்டவர் அன்று எனக்குச் செய்ததை எங்கள் அன்பியத்தில், அதாவது பக்கத்துக் குடும்பங்கள் சேர்ந்து செபிக்கும் கூட்டத்தில், இரண்டு முறை சொல்லிவிட்டேன். எழுதுவது இதுதான் முதல் தடவை. நடந்ததில் பாதிக் குற்றம் என்னுடையது, அதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

நாங்கள் மொரப்பூர் பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கிறோம். முக்கால் ஏக்கரில் தக்காளி, இரண்டு மாடு. அந்தக் கோடையில் கிணற்றுத் தண்ணீர் அடிமட்டத்துக்குப் போய்விட்டது. மிச்சத் தண்ணீரை இறைத்துவிட்டுச் சேற்றை வாரினால் ஊற்று திறக்கும் என்று ஒரு சின்னப் பெட்ரோல் பம்ப்செட்டை இரவல் வாங்கி வந்தோம். மேலே வைத்தால் அது அறுபது அடி ஆழத்திலிருந்து தண்ணீரை இழுக்காது. அதனால் இன்ஜினைக் கயிறு கட்டி உள்ளே இறக்கி, தண்ணீருக்குக் கொஞ்சம் மேலே பாறையில் வெட்டிய மேடையில் வைத்து ஓட்டுவார்கள். எங்கள் ஊரில் அதுதான் வழக்கம். என் வீட்டுக்காரர் அந்தோணி மட்டும் யோசித்தார்.

"உள்ள வெச்சா புகை அடைக்கும் மேரி. வேற எதாச்சும் வழி பாக்கலாம்."

"ஊரே உள்ளதாங்க வெக்குது. உங்களுக்கு மட்டும் என்ன வந்துச்சு? செடி வாடி நிக்குது பாருங்க" என்றேன் நான்.

அவர் இன்ஜினைக் கயிற்றில் கட்டி உள்ளே இறக்கினார். இன்ஜின் ஒரு மணி நேரம் ஓடியது, பெட்ரோல் தீர்ந்து நின்றது. கால் மணி நேரம் காத்திருந்தோம். புகை கண்ணுக்குத் தெரியவில்லை, அதனால் போய்விட்டது என்று நினைத்தோம். அவர் கையில் பெட்ரோல் கேனோடு படியில் இறங்கினார். மேடைக்குப் போய் மூடியைத் திறக்கக் குனிந்தவர் அப்படியே உட்கார்ந்தார். பிறகு மெல்லப் பக்கவாட்டில் சாய்ந்தார். களைப்பாக இருக்கிறது போல என்றுதான் முதலில் நினைத்தேன். அவருடைய தலை மேடை விளிம்பைத் தாண்டித் தொங்கியபோதுதான் இது களைப்பு இல்லை, புகை என்று புரிந்தது. இன்னும் ஒரு சாண் நழுவினால் தண்ணீருக்குள் விழுவார்.

கூட இருந்த கொழுந்தனார் சகாயம் உடனே இறங்கப் போனார். பக்கத்து ஊரில் இப்படித்தான் அண்ணனைத் தூக்க இறங்கிய தம்பியும் செத்துப்போனது எனக்கு ஞாபகம் வந்தது. சகாயத்தின் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

"வுடுங்க அண்ணி. அண்ணன் செத்துப்போயிரும்."

"நீயும் எறங்குனா ரெண்டு பேரும் போயிருவீங்க. சொன்னாக் கேளு சகாயம்."

சட்டை கிழிந்தது. தரையில் விழுந்து அவருடைய காலைக் கட்டிக்கொண்டேன். என் புருஷனைக் காப்பாற்ற வந்தவரை நானே பிடித்து வைத்திருந்தேன். அந்த நேரத்தில் என்னைவிடப் பாவி உலகத்தில் இருந்திருக்க மாட்டாள்.

என்னைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அன்பியத்தில் செபம் நடத்துவது நான்தான். மன்றாட்டு மாலை முழுவதும் மனப்பாடம். யாராவது ஒரு வார்த்தையை விட்டால் உட்கார்ந்த இடத்திலிருந்தே திருத்துவேன். "நீ சாமிகிட்ட பேசுறியா, ஒப்பிக்கிறியா?" என்று இவர் கிண்டல் செய்வார். எனக்குக் கோபம் வரும். ஆனால் அன்று செபமாலையைத் தொடங்கினேன், முதல் வரிக்கு மேல் வார்த்தை வரவில்லை. நாற்பது வருடம் சொன்னது எங்கே போனதென்று தெரியவில்லை.

அதன் பிறகு வாயில் வந்ததைச் சொன்னேன். ஆண்டவரைத் 'தேவரீர்' என்று தவிர வேறு எப்படியும் கூப்பிட்டுப் பழகாதவள் நான்.

"அப்பா, நான்தான் உள்ள வெக்கச் சொன்னேன். அவரு வேண்டாம்னுதான் சொன்னாரு. எனக்கு என்ன பண்றதுன்னே தெரியல. ரொம்ப பயமா இருக்குது. நீ வா."

வானத்திலிருந்து குரல் எதுவும் கேட்கவில்லை. கேட்டதெல்லாம் ஒரு கம்ப்ரசர் வண்டியின் சத்தம். இரண்டு நிலம் தள்ளி இன்னொருவர் கிணற்றில் அதன் காற்றழுத்தத்தால் பாறைக்குத் துளை போட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தம் காலையிலிருந்தே இருந்திருக்கிறது, என் காதில்தான் ஏறவில்லை. சகாயத்தை இறங்கமாட்டேன் என்று சத்தியம் செய்ய வைத்துவிட்டு, செருப்பில்லாமல் ஓடினேன். திரும்பி வருவதற்குள் இவர் நழுவியிருப்பாரோ, சகாயம் இறங்கியிருப்பாரோ என்று ஒவ்வொரு அடிக்கும் பயந்தேன்.

வண்டிக்காரர் பெயர் கோவிந்தன். அவரிடம் ஆளும் கயிறும்தான் கேட்டேன். அவர் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை.

"கயிறு அப்புறம்மா. மொதல்ல உள்ள காத்த வுடணும்" என்று வண்டியையே எங்கள் கிணற்றுக்கு ஓட்டி வந்தார்.

வண்டியின் காற்றுக் குழாயை உள்ளே தொங்கவிட்டுக் காற்றை அடித்தார்கள். அந்த நேரம் முழுவதும் என் வீட்டுக்காரருடைய முதுகையே பார்த்துக்கொண்டு, "வா, வா" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன். பிறகு சகாயத்தின் இடுப்பில் கயிறு கட்டி இறக்கினார்கள். அண்ணனைக் கட்டித் தூக்கி மேலே கொண்டு வந்தார்கள். மூச்சு இருந்தது. 108 வண்டி வந்தது.

தர்மபுரி ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் கண் திறக்கவில்லை. பிழைத்தாலும் நினைவு எப்படி இருக்கும் என்று இப்போது சொல்ல முடியாது என்றார் டாக்டர். அந்தப் பயம் கிணற்று மேட்டில் இருந்த பயத்தைவிடப் பெரியது. என்னைத் தெரியாத கண்ணால் என்னைப் பார்ப்பாரோ? இதையும் ஆண்டவரிடமே கேட்டேன். கோபப்பட்டேன், அழுதேன். ஆண்டவர் என் பக்கத்தில் இருக்கிறார் என்பது மட்டும் தெரிந்தது. மூன்றாம் நாள் காலையில் இவர் கண் திறந்து என்னைப் பார்த்தார்.

"மேரி, செடிக்குத் தண்ணி வுட்டியா?"

நான் அழுத அழுகையில் நர்ஸ் ஓடி வந்துவிட்டார்.

பக்கத்து ஊரில் செத்த அந்த அண்ணன் தம்பிக்காகவும் யாராவது வேண்டியிருப்பார்கள். அவர்களுக்கு ஏன் கிடைக்கவில்லை என்று எனக்குத் தெரியாது. எனக்குக் கிடைத்ததை மறைக்கவும் முடியாது. இப்போதும் செபமாலை சொல்கிறேன், ஆசையாகவே சொல்கிறேன். ஆனால் அதற்கு முன்னால், காலையில் பால் கறக்கும்போது, ஆண்டவரிடம் வீட்டுக் கதையெல்லாம் பேசிவிடுவேன். அன்பியத்தில் யாரையும் திருத்துவதில்லை. கடைசியில் ஐந்து நிமிடம் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, அவரவர் மனதில் இருப்பதை அவரவர் வார்த்தையில் சொல்கிறோம். முதல் வாரம் யாருக்கும் வார்த்தை வரவில்லை, எனக்கும்தான்.

பயம் போய்விட்டது என்று சொன்னால் பொய். ஆடி மாதம் கிணற்றில் மோட்டாரைப் பார்க்க இவர் மறுபடி இறங்க வேண்டியிருந்தது. உள்ளே புகை இல்லை, இன்ஜின் இல்லை. ஆனாலும் நான் கிணற்று மேட்டை விட்டு நகரவில்லை. என் அன்பானவர்களே, உங்களுக்கு அழகான செபம் தெரியாவிட்டால் பரவாயில்லை. பயமாக இருந்தால் பயமாக இருக்கிறது என்றே ஆண்டவரிடம் சொல்லுங்கள், கேட்பார். இவர் முதல் படியில் கால் வைத்தபோது நான் அதைத்தான் செய்தேன்.

"அப்பா, எனக்கு எறங்கத் தைரியம் இல்ல. நீ அவரு கூட எறங்கு."