முட்டத்துப் பாறையில் விழுந்த நிச்சய மோதிரம்

என் மகள் ஷீபாவுக்கு ஏற்கெனவே இரண்டு சம்பந்தம் நின்றுபோயிருந்தது. அதைச் சொல்லிவிட்டு ஆரம்பித்தால்தான், ஒரு மோதிரத்துக்காக நான் ஏன் கடற்கரைப் பாறையில் விழுந்து அழுதேன் என்று உங்களுக்குப் புரியும்.

முதல் மாப்பிள்ளை வீட்டார் வேலூர் சத்துவாச்சாரியிலிருந்து வந்தார்கள். படித்த குடும்பம். என் வீட்டுக்காரர் தேவராஜ் ஆம்பூரில் தோல் ஷாப்பில் வேலை செய்கிறார். பச்சைத் தோலைச் சுண்ணாம்பில் ஊறவைத்துப் பதப்படுத்துகிற இடம். எவ்வளவு சோப்பு போட்டுக் குளித்தாலும் அந்த வாடை லேசாக உடம்பில் நிற்கும். வந்தவர்கள் காப்பி குடித்தார்கள், சிரித்துப் பேசினார்கள், போனார்கள். அதற்குப் பிறகு போன் எடுக்கவில்லை. இரண்டாவது சம்பந்தம் இன்னும் மோசம். நிச்சயத்துக்கு மண்டபம் பேசி, சொந்தக்காரர்களுக்கெல்லாம் சொல்லி முடித்த பிறகு வேண்டாம் என்றார்கள். காரணம் சொல்லவில்லை.

ஷீபா அழவில்லை. அவள் ஒரு ஷூ கம்பெனியில் சாம்பிள் ரூமில் இருக்கிறாள். மறுநாளே டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போய்விட்டாள். நான்தான் உடைந்துபோனேன். நானும் வேறொரு கம்பெனியில் தையல் செக்‌ஷனில் சூப்பர்வைசர். என் லைனில் உள்ள பெண்கள், "அக்கா, பொண்ணுக்கு இன்னா ஆச்சு?" என்று கேட்டுவிடுவார்களோ என்று பயந்து, சாப்பாட்டு நேரத்தில் தனியாகப் போய் உட்காருவேன். ஒருவரிடமும் வாய் திறக்கமாட்டேன். ஜெபத்தில்கூட ஆண்டவரிடம் முழுசாகப் பேசவில்லை.

அப்படி இருக்கும்போதுதான் அருள் வந்தான். ஷீபா வேலை செய்கிற அதே கம்பெனியில் ஏற்றுமதி ஆர்டர்களைப் பார்த்துக்கொள்கிறவன். சொந்த ஊர் கன்னியாகுமரி மாவட்டத்தில், முட்டம் பக்கம். அவனே எங்கள் வீட்டுக்கு வந்து, என் வீட்டுக்காரரிடம் நேராகக் கேட்டான். அவனுடைய அப்பாவுக்கு வாதம் வந்து படுக்கையில் இருந்ததால், நிச்சயத்தை அவர்கள் வீட்டிலேயே வைத்துக்கொள்வதென்று முடிவாயிற்று. போன ஆண்டு சுதந்திர தின விடுமுறையோடு சனி, ஞாயிறும் சேர்ந்து வந்தது. ஒரு வேன் பிடித்துப் போனோம்.

சனிக்கிழமை நிச்சயம் நல்லபடியாக நடந்தது. அருளின் அம்மா தங்கபாய் அதிகம் பேசாத மனுஷி. சிரிப்பும் குறைவு. அவர் என் மகளை ஏற இறங்கப் பார்க்கும்போதெல்லாம் நான் அவள் சேலை மடிப்பைச் சரிசெய்துவிட்டேன். அவருடைய அக்கா ராஜபாய் அதற்கு நேர்மாறு. மனசில் தோன்றுவதெல்லாம் வாயில் வந்துவிடும். "பிள்ள இம்புட்டு மெலிஞ்சு இருக்கே, ஒங்க ஊர்ல பிரியாணி பிரியாணின்னு சொல்லுதாவளே, அத யாரு திங்கா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டார். நான் சிரித்து வைத்தேன். உள்ளுக்குள், இதுவும் நின்றுவிடுமோ என்ற பயம்.

அருள் போட்ட மோதிரம் ஷீபாவின் விரலுக்குக் கொஞ்சம் பெரிசு. ஊருக்குப் போய்ச் சின்னதாக்கிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டோம்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்ததும் எங்களோடு வந்தவர்கள் வேனில் கன்னியாகுமரி பார்க்கப் போனார்கள். நாங்கள் கணவன் மனைவி, ஷீபா, அருள், நான்கு பேரும் பக்கத்திலிருந்த கடற்கரைக்கு நடந்தே போனோம். நான் பார்த்த கடல் சென்னைக் கடல்தான். மணல் இருக்கும், அலை வந்து காலை நனைத்துவிட்டுப் போகும். இது அப்படி இல்லை. கரை முழுக்கப் பாறை. ஒவ்வொன்றும் மினி லாரி அளவு. மேலே செம்மண் மேடு, கீழே கறுத்த பாறைகள், நடுவில் வாய் பிளந்த மாதிரி இடுக்குகள். ஒவ்வொரு அலையும் அந்த இடுக்கில் புகுந்து, மேலே நுரையாக வெடித்தது. ஆகஸ்ட் மாதத்தில் அந்தக் கடல் அப்படித்தான் இருக்குமாம்.

"ரொம்பக் கீழ போவாத ஷீபா" என்று கத்தினேன். சத்தத்தில் அவளுக்குக் கேட்டிருக்காது. போட்டோ எடுக்க ஒரு தட்டையான பாறையில் போய் நின்றாள். அருள் அவளுக்கு நாலு அடி மேலே இருந்தான்.

அந்த அலை வருவதை நான் பார்த்தேன். மற்ற அலைகளைவிட உயரமாக, சத்தமே இல்லாமல் வந்த மாதிரி இருந்தது. ஷீபாவின் முதுகு கடல் பக்கம். அலை அவள் இடுப்புக்கு மேலே அடித்தது. அவள் கால் வழுக்கியது. என் வாயிலிருந்து "இயேசப்பா" என்று ஒரே சொல்தான் வந்தது. அருள் பாய்ந்து அவள் கையைப் பிடித்தான். தண்ணீர் அவளைப் பின்னால் இழுக்க, அவன் முன்னால் இழுத்தான். கை நழுவி, விரல்களில் வந்து நின்றது. விடவில்லை. அடுத்த அலை வருவதற்குள் அவளை மேலே ஏற்றிவிட்டான்.

நானும் என் வீட்டுக்காரரும் ஓடிப்போய் அவளைக் கட்டிக்கொண்டோம். முழங்காலில் சிராய்ப்பு, வேறொன்றும் இல்லை. அப்போதுதான் அவள் தன் கையைப் பார்த்தாள்.

"ம்மா... மோதிரம்."

அவன் இழுத்த இழுப்பில் கழன்று போயிருந்தது. கீழே இடுக்கில் தண்ணீர் கொதிக்கிற பானை மாதிரி இருந்தது. அருள் இறங்கப் போனான். என் வீட்டுக்காரர் அவன் சட்டையைப் பிடித்து நிறுத்தினார்.

சகோதரிகளே, உள்ளதைச் சொல்கிறேன். என் மகள் உயிரோடு என் முன்னால் நிற்கிறாள். அந்த நிமிஷத்தில் எனக்கு அது பெரிதாகத் தெரியவில்லை. மோதிரம் போய்விட்டது, இந்தக் கல்யாணமும் போய்விட்டது என்றுதான் தோன்றியது. அந்தப் பாறையிலேயே முழங்கால் போட்டேன். "ஆண்டவரே, இந்த ஒண்ண மட்டும் திருப்பிக் குடுத்துடும். வேற எதுவும் கேக்கமாட்டேன். மூணாவது தடவ என்னால தாங்க முடியாது" என்று வாய்விட்டு அழுதேன். கண்ணைத் திறந்தேன். அலை அடித்துக்கொண்டேதான் இருந்தது.

என் வீட்டுக்காரர் என் பக்கத்தில் உட்கார்ந்தார். அவர் பொய் பேசி நான் பார்த்ததில்லை. அவரே மெதுவாகச் சொன்னார்: "வசந்தா, நாகர்கோவில்ல இதே மாதிரி ஒண்ணு வாங்கிப் போட்டுடலாமா? யாருக்கும் தெரியாது. சும்மா எதுக்குப் பேஜாரு."

அது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. சரி என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்ல வரவில்லை. மறைத்து மறைத்துத்தானே இத்தனை நாள் செத்துக்கொண்டிருந்தேன், இந்தக் கல்யாணத்தையும் ஒரு மறைவில்தான் தொடங்க வேண்டுமா என்று உள்ளே ஒரு கேள்வி வந்தது. அது என் யோசனை இல்லை. எனக்கு அவ்வளவு தைரியம் கிடையாது.

"வேணாங்க. போய்ச் சொல்லிடலாம்" என்றேன்.

வீட்டுக்குத் திரும்பினோம். தங்கபாய் தன் கணவருக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தார். ராஜபாய் பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். நனைந்த உடையோடு நின்ற ஷீபாவைப் பார்த்ததும் இரண்டு பேரும் எழுந்துவிட்டார்கள். நான் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன்.

ராஜபாய் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டார். "நிச்சயம் கழிஞ்ச மறுநாளே மோதிரம் கடல்ல போச்சுன்னா, அது நல்லதுக்கில்ல கேட்டியளா. இது நிக்காது."

நாமெல்லாம் விசுவாசிகள், சகுனம் பார்க்கக் கூடாது என்று எனக்கும் தெரியும். ஆனாலும் அந்தச் சொல் என் நெஞ்சில் வந்து இறங்கியது. ஷீபா தலையைக் குனிந்துகொண்டாள்.

தங்கபாய் கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்தார். ஷீபாவிடம் வந்து, அவள் வலது கையைத் தூக்கிப் பார்த்தார். அருள் பிடித்த இடம் சிவந்து போயிருந்தது. பிறகு தன் அக்காவைத் திரும்பிப் பார்த்தார்.

"அவன் கையப் பிடிச்சதினாலதான மோதிரம் போச்சு? விட்டிருந்தா மோதிரமும் போயிருக்கும், பிள்ளயும் போயிருக்கும். என் மவன் விடல்ல. இனி எதுக்கு எனக்கு மோதிரம்?"

அவ்வளவுதான் சொன்னார். ஒரு துண்டை எடுத்து என் மகளின் தலையைத் துவட்ட ஆரம்பித்தார். என்னைப் பார்த்து, "நீங்க அழாண்டாம். உக்காருங்க, சாயா போடுதேன்" என்றார்.

கட்டிலில் படுத்திருந்த சம்பந்திக்குப் பேச்சு வராது. என் வீட்டுக்காரர் பக்கத்தில் போனதும், நன்றாக இருந்த ஒரு கையால் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். சுண்ணாம்பில் வெந்து வெந்து காய்த்துப்போன கை அது. ஊரில் யாராவது கை கொடுத்தால்கூட என் வீட்டுக்காரர் தயங்குவார். அன்றைக்கு அவர் கையை இழுத்துக்கொள்ளவில்லை. அப்படியே உட்கார்ந்திருந்தார்.

நான் சமையலறைப் பக்கம் போய்ச் சுவரில் சாய்ந்து நின்று ஜெபித்தேன். இந்தத் தடவை மோதிரத்தைக் கேட்கவில்லை. "ஸ்தோத்திரம் ஆண்டவரே, ஸ்தோத்திரம்" என்று மட்டும்தான் திரும்பத் திரும்பச் சொன்னேன். பாறையில் நான் கேட்டதற்கு அப்போதே பதில் வந்துவிட்டது. நான்தான் அது மோதிரமாக வரும் என்று தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மதியம் சாப்பிட்டு முடித்ததும் ராஜபாய் எழுந்து சேலையை இழுத்துச் செருகினார். காலையிலிருந்து அவர் முகமே சரியில்லை. தங்கை பேசிய பேச்சு அவரை வருத்தியிருக்க வேண்டும். "வாங்க எல்லாரும். வெள்ளம் வத்தியிருக்கும். ஒரு பார்வ பாத்துட்டு வருவோம்" என்றார். அவர்கள் பேச்சில் வெள்ளம் என்றால் தண்ணீர்; மதியத்துக்குமேல் கடல் இறங்குகிற நேரமாம். பக்கத்து வீட்டுப் பெண்ணைச் சம்பந்தியோடு இருக்கச் சொல்லிவிட்டுத் தங்கபாயும் கிளம்பினார்.

காலையில் கொதித்த இடுக்கில் இப்போது முழங்கால் அளவுதான் தண்ணீர். அலை இருந்தது, ஆனால் தள்ளி உடைந்தது. அருளும் என் வீட்டுக்காரரும் இறங்கி, விழுந்த இடத்தைச் சுற்றிக் கையால் துழாவினார்கள். பாறையில் ஒட்டியிருந்த சிப்பி ஓடுகள் பிளேடு மாதிரி கையைக் கிழித்தன. கூழாங்கல், பாட்டில் மூடி, அறுந்த வலைத் துண்டு, எல்லாம் வந்தது. மோதிரம் வரவில்லை. ரொம்ப நேரம் தேடினோம். எனக்கு ஆச்சரியம், மனசில் பதற்றமே இல்லை. கிடைத்தால் சந்தோஷம், கிடைக்காவிட்டாலும் சந்தோஷம் என்று இருந்தது. ஷீபா என்னைப் பார்த்து, "இன்னாம்மா, சிரிக்கிற?" என்றாள். நான் சிரித்துக்கொண்டிருப்பது எனக்கே தெரியாது.

"போதும், வா" என்று தங்கபாய் கூப்பிட்டார். எல்லோரும் ஏற ஆரம்பித்தோம். ராஜபாய் கடைசியாக வந்தார். பாசியில் அவர் கால் வழுக்கி, தொப்பென்று பாறையில் உட்கார்ந்துவிட்டார். நான் பதறிப்போய் ஓடினேன். "அடி பட்டுச்சா? கை குடுங்க" என்று தூக்கப் பார்த்தேன்.

அவர் எழுந்திருக்கவில்லை. "இரி, இரி" என்றார். அவர் பார்வை தன் காலடியில் இருந்தது. அங்கே பாறையில் ஒரு சட்டி அளவுக்குக் குழி. உள்ளே உடைந்த சிப்பித் தூள். அந்தத் தூளுக்குள் பாதி புதைந்து, வெயில் பட்டு மினுங்கியது.

நாங்கள் தேடிய இடம் எங்கேயோ, இது எங்கேயோ. அலை அதை ஒதுக்கி அங்கே கொண்டுவந்து வைத்திருந்தது.

ராஜபாய் இரண்டு விரலால் எடுத்து, முந்தானையில் துடைத்து, உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். பெரிய உடம்பு குலுங்கக் குலுங்க அழுதார். "நிக்காதுன்னு சொன்ன வாய் இது. அதனாலதான் என்னையே இருத்தி, என் கண்ணுக்கே காட்டிட்டாரு" என்றார். எங்கள் எல்லோருக்கும் அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. அங்கேயே, உப்புத் தண்ணீர் தெறிக்க, கையைக் கோர்த்துக்கொண்டு ஆறு பேரும் ஜெபித்தோம். அருள் மோதிரத்தைப் போடப் போனபோது தங்கபாய் சொன்னார்: "நடுவெரல்ல போடு மக்கா. சின்னதாக்குற வர அதிலயே கெடக்கட்டும்." அன்றைக்குத்தான் அந்த மனுஷி வாய் நிறையச் சிரித்ததைப் பார்த்தேன்.

தை மாதம் நம்முடைய ஆலயத்தில் கல்யாணம் நடந்தது. நீங்களெல்லாம் வந்திருந்தீர்கள். ராஜபாய் பந்தியில் என் வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து, இரண்டு தரம் பிரியாணி வாங்கிச் சாப்பிட்டதும் உங்களுக்கு ஞாபகம் இருக்கும்.

என் லைனில் உள்ள ஒரு பெண் கேட்டாள்: "அக்கா, தண்ணி வத்தினா மோதிரம் தெரியத்தானே போவுது? இதுல அற்புதம் இன்னா இருக்குது?" நியாயமான கேள்விதான். அவளிடம் சொன்னதையே உங்களிடமும் சொல்கிறேன். தண்ணீரை வற்றவைக்கிறவர் அவர்தான். ஆனால் எனக்கு அது பெரிய அற்புதம் இல்லை. வாய் திறக்காத என்னை வாய் திறக்க வைத்தாரே, அதுதான் அற்புதம். புது மோதிரம் வாங்கிப் போட்டிருந்தால், என் மகளுக்கு எப்பேர்ப்பட்ட மாமியார் கிடைத்திருக்கிறார் என்று எனக்குத் தெரிந்தே இருக்காது.

இப்போது நான் சாப்பாட்டு நேரத்தில் தனியாக உட்காருவதில்லை. எங்கள் லைனில் ஏழெட்டுப் பேர் ஒன்றாக உட்கார்ந்து, சாப்பிட்டு முடித்ததும் ஒருவருக்காக ஒருவர் ஜெபிக்கிறோம். யார் வீட்டில் என்ன கஷ்டம் என்று எங்களுக்குள் ஒளிவுமறைவு இல்லை. கஷ்டம் தீர்ந்துவிடவில்லை. ஆனால் கனம் கம்மியாகிவிட்டது.

இங்கேயும் பிள்ளைகளின் கல்யாணம் தள்ளிப்போகிறதே என்று யாரிடமும் சொல்லாமல் உட்கார்ந்திருக்கும் தாய்மார்கள் இருக்கிறீர்கள். பெயர் சொல்ல மாட்டேன். பார்த்தாலே எனக்குத் தெரியும். ஆண்டவரிடம் பாதியை மறைத்து ஜெபிக்காதீர்கள். நம்பி முழுசாகச் சொல்லுங்கள். தனியாகச் சொல்ல முடியவில்லை என்றால், ஆராதனை முடிந்ததும் பெண்கள் பக்கத்துக் கதவருகே நிற்பேன். வாருங்கள். சேர்ந்து முழங்கால் போடுவோம்.