மொச்சைப் பலகை

கிருஷ்ணகிரியில் நான் விஞ்ஞான வாத்தியாராக இருந்த காலத்தில், குந்தாரப்பள்ளிச் சந்தை கலையும் நேரத்தில் அதன் வாசலைத் தாண்டுவது பெரும்பாடு. இரண்டு கல்தூண்களுக்கு நடுவே மாடும் மனிதருமாக முட்டிமோதி அடைத்துக்கொள்வார்கள். எனக்கோ எதைப் பார்த்தாலும் ஒரு சோதனை செய்து பார்க்காவிட்டால் தூக்கம் வராது.

ஒரு பலகையைச் சாய்த்து வைத்து, கீழ்ப்பக்கம் இரண்டு சட்டங்களை அடித்து, நடுவே சின்ன வழி விட்டேன். மேலிருந்து காய்ந்த மொச்சையைக் கொட்டினால், வழியில் வளைவாக அடைத்துக்கொண்டு நின்றது. வழிக்குச் சற்று முன்னால் ஓர் ஆணி அடித்தேன். நெரிசல் ஆணியில் பிரிந்து, மொச்சை தடங்கலில்லாமல் இறங்கியது. பலகையைத் தூக்கிக்கொண்டு போய், சந்தையைக் குத்தகைக்கு எடுத்திருந்தவரிடம் காட்டினேன்.

“மாடும் மொச்சையும் ஒண்ணா வாத்தியாரே?” என்று சிரித்தார்.

விடுவேனா? அடுத்த வாரச் சந்தை கூடுவதற்கு முன்பே வாசலின் உட்புறம் ஒரு மரக்கம்பத்தை நடவைத்துவிட்டேன்.

அன்று ஜனங்கள் சுலபமாக வெளியேறினார்கள். ஆடுகளும் போயின. நான் பெருமை பொங்க நின்றிருந்தேன். பிறகு ஓர் உழவர் தம் காளைகளை ஓட்டிவந்தார். எங்கள் பக்கத்தில் உழவு மாட்டை ஜோடியாகத்தான் விற்பார்கள். இரண்டு கழுத்தையும் ஒரே கயிற்றில் பிணைத்துத்தான் ஓட்டுவார்கள். வாராவாரம் என் கண்ணெதிரே நடப்பதுதான். கம்பத்துக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று போனது. நடுவில் கயிறு மாட்டிக்கொண்டது. பின்னாலிருந்த கூட்டம் தள்ள, ஒரு காளை விழுந்து முன்னங்கால் முறிந்தது.

அதுவரை அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு உழுதவர் அவர். சொந்தமாக ஜோடி வாங்கியது அன்று காலையில்தான். கம்பம் நட்டவன் நான்தான் என்று அவரிடம் சொன்னேன்.

“நான் கயித்த அவுத்திருக்கணுங்க. உங்களுக்கு எப்பிடிங்க இதெல்லாம் தெரியும்?” என்றார்.

தெரியும் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. விழுந்ததை வண்டியில் ஏற்றிவிட்டு, மற்றதைப் பிடித்துக்கொண்டு நடந்தார். அது தன் வலப்பக்கம் இன்னொரு மாட்டுக்கு இடம் விட்டே நடந்தது.

வீட்டில் குழம்புக்கு ஊறவைத்திருந்த மொச்சையை எடுத்து, இரண்டிரண்டாக நூலில் கோத்து, காய்ந்ததோடு கலந்து பலகையில் விட்டேன். முதல் ஜோடியே ஆணியில் மாட்டி வழியை அடைத்தது. நினைத்தது சரிதான் என்று ஒரு கணம் மகிழ்ந்துபோனேன். காளையின் காலுக்காக என்றாவது என்னை மன்னித்துக்கொள்வேனோ என்னவோ. அந்த மகிழ்ச்சிக்காக மன்னித்துக்கொள்ள முடியவில்லை.