ராசு கையால் ஒரு சொம்புப் பால்

என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும். ஐந்தாவது வரைதான் படித்தேன். பிழைகளைப் பொறுத்துக்கொள்ளுங்கள். அச்சகத்துத் தம்பியிடம், "எழுத்தை மட்டும் திருத்துங்க, சொன்னதைத் திருத்தாதீங்க" என்று கேட்டுக்கொண்டுதான் இதைக் கொடுத்தேன். நான்கு பேர் முன்னால் பேச எனக்கு வராது. அதனால்தான் அக்கா மறைந்து ஒரு வருடம் முடியும் நாளில் எழுதிக் கொடுக்கிறேன்.

அக்கா இந்த மலைமேல் வளப்பூர் நாட்டில் பிறந்தார். என்னைவிட ஆறு வயது மூத்தவர். அப்பா இறந்த பிறகு மரவள்ளிக் காட்டில் களை வெட்டி என்னை ஆளாக்கினார். உள்ளூரிலேயே அவருக்குத் திருமணம் ஆனது. மகன் ராசுவுக்கு மூன்று வயதாகியும் நடையும் இல்லை, பேச்சும் இல்லை. மூளை வளர்ச்சி குறைவு என்று கீழே ஆஸ்பத்திரியில் சொன்ன மாதமே மச்சான் லாரி வேலைக்கென்று இறங்கிப் போனார். இன்று வரை மேலே ஏறவில்லை. அக்கா பிள்ளையோடு என் வீட்டுக்கு வந்தார்.

அப்போது மாதம் ஒரு முறை பள்ளிக்கூடத்துக்கு ஒரு வண்டியில் ராசு மாதிரிப் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கும் டீச்சர் வருவார். பிள்ளைக்கு மட்டுமல்ல, தாய்க்கும் சொல்லிக் கொடுப்பார். ஒரு வேலையைச் சின்னச் சின்னதாகப் பிரித்து, கையைப் பிடித்துச் செய்ய வைத்து, பிறகு நம் கையை எடுத்துவிட வேண்டும். டம்ளரைப் பிடிக்க ராசுவுக்கு எட்டு மாதம் ஆனது. அக்கா அதோடு நிற்காமல், இப்படிப்பட்ட பிள்ளை இருந்த மற்றத் தாய்மார்களையும் வீட்டுக்கு வரவழைத்துச் சொல்லிக் கொடுத்தார்.

பிறகு வண்டி மலை ஏறுவது நின்றது. பிள்ளைகளைக் கீழே கூட்டி வாருங்கள் என்றார்கள். மலை ரோட்டின் எழுபது வளைவும் பஸ்ஸில் இறங்கி அடிவாரத்துக் காரவள்ளி வருவதற்குள் ராசு குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுப்பான். துவண்டு போனவனை மேசை முன் நிறுத்தி, பேர் சொல்லு, பந்தை எடு என்பார்கள்.

"பையன் ஒண்ணுமே செய்யலியேம்மா" என்று சொல்லி, பயிற்சியால் பலன் இல்லை என்று எழுதினார் ஓர் அதிகாரி.

அக்கா கேட்டார்: "ஏனுங்க சார், நீங்க ஒருக்கா அந்த பஸ்ஸுல இறங்கி வந்து உங்க பேரைச் சொல்லுங்க, பாக்கலாம்."

அவர் சிரிக்கவில்லை. அந்தத் தாள்தான் எங்கே போனாலும் ராசுவுக்கு முன்னால் போய் நின்றது. பதினெட்டு வயது முடிந்ததும் பயிற்சிப் பதிவேட்டிலிருந்து பேரையும் எடுத்துவிட்டார்கள். பிறந்த நாள் வந்ததும் அவன் சரியாகிவிட்டானா? இனி எங்கே போவது என்றுகூட யாரும் சொல்லவில்லை.

அதிகாரிகளை மட்டும் திட்டினால் அது நியாயம் ஆகாது. உறவினர்களே, கல்யாணத்துக்கு அழைக்க வந்தபோது, "நீ மட்டும் வந்துரு கண்ணு" என்று அக்காவிடம் சொன்னீர்கள். அவர் ஒன்றுக்கும் போகவில்லை. திமிர் பிடித்தவள் என்றீர்கள்.

நெஞ்சு நோவால் படுத்த பிறகும் அக்கா கட்டிலில் கிடந்தபடி என்னைப் பழக்கினார். ராசு சொம்பில் தண்ணீர் மொண்டு பலாக்கன்றுக்கு ஊற்றுவான். நான் பயந்து கூடவே பிடித்துக்கொள்வேன்.

"கையை எடுடா சாமி. சிந்துனா சிந்தட்டும். நீ புடிச்சுட்டே இருந்தா அவன் எப்பப் புடிப்பான்?" என்பார்.

அடக்கத்தன்று முதல் பிடி மண்ணை அள்ள ராசு குனிந்தான், அள்ளியும் விட்டான். எங்கள் பெரியப்பா, "அவனுக்கு என்ன தெரியும், வாயில போட்டுக்குவான்" என்று கையைத் தட்டிவிட்டார். மண் சிதறியது. பெரியப்பாவின் பேரன் போட்டான். ராசு தன் வெறும் கையைப் பார்த்துக்கொண்டு நின்றான். பெற்ற தாய்க்கு ஒரு பிடி மண் போட அவனுக்கு யாருடைய சான்றிதழ் வேண்டும்? இதை அன்றே கேட்டிருக்க வேண்டும். நான் வாய் திறக்கவில்லை. பெரியப்பா மேல் இருக்கும் கோபத்தைவிட என் மேல் இருக்கும் கோபம் பெரியது.

அடுத்த வாரமே, "கீழே ஏதாச்சும் ஹோமுல உட்டுருப்பா" என்று மூன்று பேர் சொன்னீர்கள். விட மாட்டேன். அவன் என்னோடுதான் இருப்பான்.

வண்டி நின்ற பிறகும் லீவு நாளில் காளப்பநாயக்கன்பட்டியிலிருந்து தானே பஸ் ஏறி வந்த டீச்சருக்கும், முன் சீட்டை ஒதுக்கி, வாந்தியைக் கழுவத் தண்ணீரும் கொடுத்து, ஒரு நாளும் முகம் சுளிக்காத கண்டக்டருக்கும், நோவு முற்றிய அன்று அக்காவை ரோடு வரை தூக்கி வந்த பக்கத்துக் காட்டுக்காரர்களுக்கும் கைகூப்பி நன்றி சொல்கிறேன். மற்றவர்களுக்குச் சொல்ல எனக்கு இன்னும் மனம் வரவில்லை.

இதைப் படித்த பிறகு அக்காவின் குழிமேட்டுக்கு வருவீர்கள். முதல் சொம்புப் பாலை ராசு ஊற்றுவான். ஒரு வருடமாகத் தினமும் காலையில் பலாக்கன்றுக்கு ஊற்றிப் பழகியிருக்கிறான். பாதி வெளியே சிந்தும். ஒரு வாய் குடித்தாலும் குடிப்பான். அக்கா கோபித்துக்கொள்ள மாட்டார். யாரும் அவன் கையைத் தொட வேண்டாம். நானும் தொட மாட்டேன்.

ஆடி மாதம் 12, திங்கட்கிழமை.